சுதா தொட முடியாத மல்லிச் செடி

லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. என் மனைவி சுதாவின் கீமோ ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று வந்தோம். அவளுக்குப் பிடித்தது பால்கனிதான்.

இன்று காலை கரியாஹாட் சந்தையில் தொட்டிகள், மண், மல்லிச் செடி எல்லாம் வாங்கி வந்தேன். சுதா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கூப்பிட்டார். "தாதா, ரிப்போர்ட் வந்துடுச்சு. ரத்தத்துல வெள்ளணு கவுண்ட் ரொம்பக் குறைவு. பௌதி மண்ணைத் தொடவே கூடாது, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்று வங்காள மொழியில் சொன்னார். அவருக்கு நான் தாதா, அண்ணன்; சுதா பௌதி, அண்ணி.

சுதாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, அதை ஒட்டி நாற்காலியைப் போட்டாள்.

"நீங்க வைங்க. நான் சொல்றேன்."

"அவ்வளவு ஆழமா வேண்டாம். வேரை அழுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று சத்தத்தைக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து அழுதுகொண்டிருந்தாள்.

உடனே போய் அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் என் கையெல்லாம் மண். கதவைக்கூடத் தொட முடியவில்லை. வாளித் தண்ணீரில் முழங்கை வரை கழுவினேன். நகக்கண்ணில் இருந்த மண் மட்டும் போகவே இல்லை.

"அது செடிக்கு வச்ச தண்ணி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மல்லி பூத்தால் பெருமை அவளுக்கு, பட்டுப்போனால் திட்டு எனக்கு என்று இப்போதே முடிவாகிவிட்டது. வளர்த்துப் பழகியவர்கள் யாராவது வந்து என்னைக் காப்பாற்றுங்கள்.