கல்வெட்டில் ஒரு பொப் பாட்டு

மிசினைக் கிளப்ப முன்னம் வாகீசன் அண்ணை கையிலிருக்கும் ஸ்பனரால் அதன் எண்ணெய்த் தாங்கியில் நாலு தட்டுத் தட்டுவார். வன், ரூ, திறீ, போ. நாலாவது தட்டோடு கயிற்றை இழுப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் அது. வெங்காயம் வாடிக்கொண்டிருக்கிற ஆள் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். "பொறும், தாளம் பிடிபடட்டும்" என்பார் இவர். சத்தத்தை வைத்தே பிழை பிளக்கிலா காபரேற்றரிலா என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவதுக்கு மிசின் சொந்தக்காரரை ஏசுவார்.

மருதனார்மடம் சந்தையின் பின்னால் போகிற ஒழுங்கையில் அவருடைய கடையும் என்னுடைய அச்சு வேலைக்கடையும் ஒட்டினபடி இருக்கின்றன. நடுவில் ஒரு தகரம்தான். அந்தத் தகரத்தின் புண்ணியத்தில் பதினொரு வருசமாக எண்பதுகளின் பொப் பாட்டுகளை நான் காசு கொடுக்காமல் கேட்டு வருகிறேன். கைத்தொலைபேசியை வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு வைப்பார். சத்தம் இரட்டிப்பாக வரும். தமிழ், சிங்களம், இங்கிலீசு என்று பேதமில்லை, வருசம்தான் கணக்கு. எண்பதுக்கு முந்தினது அவருக்குப் "பழசு". தொண்ணூறுக்குப் பிந்தினது "பெடியளின்ரை இரைச்சல்". நடுவில் உள்ள பத்து வருசத்தில்தான் உலகத்தில் இசை நடந்தது என்பது அவருடைய முடிவு.

வயது அறுபத்தாறு. கட்டை உருவம். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு எண்ணெய். சேட்டுப் பையில் திருநீற்றுப் பொட்டலமும் இரும்புக் கறள் தேய்த்தெடுக்க ஒரு துண்டு மண்தாளும் ஒன்றாகக் கிடக்கும். ஒருநாள் மறதியில் மண்தாளை நெற்றியில் தேய்த்துப்போட்டு அன்று முழுக்க நெற்றி எரிவுக்கு வெயிலைக் குற்றம் சொன்னார்.

அவரிடம் "கிளாசிக்" என்ற சொல்லை மட்டும் யாரும் சும்மா எடுக்கக் கூடாது. பொன்னம்பலம் என்று ஒரு வெங்காயத் தோட்டக்காரர் ஒருமுறை எடுத்தார். கிளாசிக் என்றால் கோயிலில் பாடுகிற பதிகம், கச்சேரியில் பாடுகிற சங்கீதம். உது சும்மா ஆட்டம் என்றார். வாகீசன் அண்ணை ஸ்பனரைக் கீழே வைத்தார். "பதிகம் பாடினவையும் தங்கடை காலத்திலை புதுப் பாட்டுக்காரர்தான். அண்டைக்கும் ஒரு பொன்னம்பலம் நிண்டு, உது என்ன புதுக் கூத்து எண்டு கேட்டிருப்பார்."

"அப்ப எதுதான் கிளாசிக், அண்ணை?" என்று நான் தகரத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

"விரும்பினவன் பாடுறது பெரிய காரியமில்லைப் பிள்ளை. பாட்டை வெறுக்கிற ஆளின்ரை வாயிலையும் அது தானாய் வரவேணும். அதுதான் கிளாசிக்."

பொன்னம்பலம் மிசினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் போகும்போது பேணிக்குள் ஓடின பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் கண்டேன். வாகீசன் அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்கு இருக்க விடமாட்டார்.

இவ்வளவு வாதமும் சும்மா இல்லை. அவரும் ஒரு காலத்தில் பொப்காரர். எண்பத்திரண்டில் 'வெள்ளிச் சிறகு பொப் இசைக் குழு' என்று ஒன்று இருந்தது. வாகீசன் அண்ணை ட்றம்ஸ். குருநகர் செபநாயகம் பாட்டு. கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள் என்று இரண்டு பக்கமும் மேடை ஏறினார்கள். அந்தக் குழுவுக்காக அவர் தன் வாழ்நாளில் ஒரேயொரு பாட்டு எழுதினார்.

சைக்கிள் மணி அடிச்சுச் சந்தி கடந்தவளே
சந்தி கடந்த பின்னும் சத்தம் கடக்கேல்லையே

இந்த இரண்டு வரிக்குப் பிறகும், ஒவ்வொரு சரணத்தின் நடுவிலும், வாத்தியம் எல்லாம் நிற்கும். ட்றம்ஸோடு கட்டி வைத்திருந்த உண்மையான சைக்கிள் மணியை அவர் பெருவிரலால் இரண்டுதரம் தட்டுவார். கிணிங், கிணிங். சனம் அந்த இடத்துக்காகவே காத்திருக்குமாம். அவர் சொல்கிற கணக்கில் எப்போதும் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஆனால் அந்த மணியைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய பெருவிரல் தானாக அசையும். அதில் பொய் இல்லை.

போன வருசம் செபநாயகம் இறந்துபோனார். குருநகருக்குப் போய் வந்த வாகீசன் அண்ணை, அங்கே கொடுத்த நினைவு அட்டையை என் மேசையில் வைத்தார். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, ஓய்வுபெற்ற களஞ்சியக் காப்பாளர் என்று இருந்தது.

"பாட்டுக்காரன் எண்டு ஒரு சொல் இருக்கோ பாரும்" என்றார். இல்லை. "அவன் பாடினா அரியாலையிலை இருந்தெல்லாம் சனம் வரும். களஞ்சியக் காப்பாளராம்."

அன்று பேணி பாடவில்லை. மறுநாள் காலை ஒரு கொப்பியோடு வந்தார். தன்னுடைய கல்வெட்டைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். வாழ்க்கை வரலாறு, வம்சவழி, குடும்பத்தாரின் புலம்பல், நன்றி நவிலல், முன்னுக்குச் சைவப் பதிகங்கள். அந்தச் சின்னப் புத்தகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நிற்கிற ஆளுக்கு நான் அதுவரை அடித்ததில்லை.

"அண்ணை, விசர்க்கதை கதைக்காதேங்கோ."

"அடிக்கச் சொல்லேல்லை. பக்கங்களைக் கோத்து மட்டும் வையும். திகதி ஒண்டுதானே குறை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையள் ரெண்டும் வெளிநாட்டிலை. நான் போனாப் பிறகு மிசின் திருத்துநர் எண்டு போட்டு முடிச்சிடுவினம். என்ரை பாட்டு உள்ளுக்கை வரவேணும். பின்னட்டையிலை இல்லை. பதிகத்துக்குப் பக்கத்துப் பக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பதிகத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அந்தப் பாட்டு கிளாசிக்; கிடைக்காவிட்டால் அவர் வாழ்நாளெல்லாம் கத்தினது வெறும் கத்தல். மனுசன் அப்படித்தான் நம்பினார்.

நான் இரண்டு தடை சொன்னேன். முதலாவது, வீட்டார் ஓம் என்று சொல்லாமல் நான் கல்வெட்டில் ஒரு எழுத்தும் போடுவதில்லை. அவர் மனைவி பத்மாசினி அக்கா ஓம் என்றால் போடுவேன். அவர் தலையைச் சொறிந்தார். மனைவிக்கு அந்தப் பாட்டு ஆகாது. வீட்டில் அதை முணுமுணுத்தாலே எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவாராம். "அவவுக்கு ரசனை இல்லைப் பிள்ளை" என்றார்.

இரண்டாவது தடை பெரிது. பாட்டுக்கு மூன்று சரணம். கொப்பியில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவது அவருக்கு மறந்துபோய்விட்டது. பாட்டைப் பதிந்த கசெற் தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வோடு போயிற்று. பாடின செபநாயகமும் போய்விட்டார். குழுவில் கிற்றார் வாசித்து இப்போது கனடாவில் இருக்கிறவருக்கு மெட்டு மட்டும் ஞாபகம். ஒரு மாதமாக ஆள் ஆளாகக் கேட்டுத் திரிந்துவிட்டு, "அந்த இடத்திலை புள்ளி புள்ளியாய்ப் போட்டு வையும், எங்கையும் கிடைக்கும்" என்றார்.

"எழுதின உங்களுக்கே வாயிலை வரேல்லை. பிறகென்ன கிளாசிக்?" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் தன் பக்கம் போனார். மூன்று நாளாகப் பேணியில் சத்தம் இல்லை. தாங்கியில் நாலு தட்டும் இல்லை. கயிற்றைச் சும்மா இழுத்தார். அந்த மூன்று நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. என் நாக்கை நானே திட்டிக்கொண்டேன். நாலாம் நாள் அவருடைய பக்கத்தை ஒழுங்காகக் கோத்து, புள்ளிக்கோடு நாலு வரிக்குப் போட்டு, ஒரு பிரதி எடுத்து மேசையில் வைத்தேன்.

அன்று சனிக்கிழமை. ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிற பத்மாசினி அக்கா, போகிற வழியில் புருசனுக்குச் சாப்பாட்டுக் கரியரைக் கொடுத்துவிட்டு என்னிடமும் எட்டிப் பார்ப்பார். மெலிந்த, அமைதியான மனுசி. வெயிலில் நடந்து வந்த களைப்போடு கதிரையில் இருந்தவர், மேசையில் கிடந்த தாளை எடுத்துவிட்டார். பாட்டுக்கு மேலே வாகீசன் அண்ணை சொல்லி நான் அடித்த தலைப்பு இருந்தது: 'என் துணைவியார் பத்மாசினி சைக்கிளில் சென்ற நாட்களில், அவரை நினைந்து எழுதியது.'

வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடியில் வைத்தார். "அந்த ஆளைக் கூப்பிடும்" என்றார்.

நான் தகரத்தில் தட்டினேன். வாகீசன் அண்ணை கை துடைத்தபடி வந்தார். மனைவியின் மடியில் தாளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னை நினைச்சு எழுதினது எண்டு போட்டிருக்கிறியள்."

"உண்மைதானேயப்பா."

"அந்தப் பாட்டாலை எனக்கு என்ன நடந்தது எண்டு போடேல்லையே."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார். "திருவிழாவிலை நீங்கள் பாடினது சனிக்கிழமை. திங்கக்கிழமை நான் ரியூசனுக்குப் போறன், சந்தியிலை நிண்ட பெடியள் தொடக்கத்திலை இருந்து கடைசி மட்டும் பாடுறாங்கள். நான் மணி அடிக்காமல் போனாலும் அவங்கள் வாயாலை அடிக்கிறாங்கள். ஒவ்வொரு நாளும். மூண்டாம் கிழமை அப்பாவின்ரை காதுக்குப் போயிட்டுது. சைக்கிளைத் தெல்லிப்பழை மாமா வீட்டிலை கொண்டுபோய் விட்டிட்டார். ரியூசன் நிண்டுது. சோதினை எழுதேல்லை. பிறகு நான் சைக்கிளிலை ஏறினதே இல்லை."

"நான் நினைச்சன், றோட்டிலை ஆமி நிண்டபடியாலை நீர் பயந்து விட்டிட்டீர் எண்டு."

"ஆறு வருசம் கழிச்சு, நல்ல மிசின் வேலைக்காரன் எண்டு அப்பாவே உங்களைப் பேசி முடிச்சார். பாட்டு ஆரின்ரை எண்டு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள் நீங்களே பெருமையாய்ப் பாடிக் காட்டினீங்கள்."

அந்த நாலாம் நாளை நினைக்க எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நாற்பது வருசம் ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சுமந்து திரிந்திருக்கிறார்கள்.

"ஒருக்காலும் சொல்லேல்லையே நீர்" என்றார் மெதுவாக.

"நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை."

வாகீசன் அண்ணை கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். திரும்பவும் விரித்து மடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்" என்றார். "ஒரு பெட்டைப்பிள்ளையின்ரை சைக்கிளைப் பறிச்ச பாட்டு. அதுக்கென்ன கல்வெட்டு. மிசின் திருத்துநர் எண்டே இருக்கட்டும்." பொன்னம்பலத்தோடு மல்லுக்கு நின்ற மனுசன் இவ்வளவு கெதியாக விட்டுக்கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். "பொறும் பிள்ளை" என்றார் அக்கா.

தாளை மடியிலிருந்து எடுத்து மேசையில் நேராக வைத்தார். அந்தப் புள்ளிக்கோடுகளைச் சுட்டிக் காட்டினார். "எடுக்கிறதெண்டா முழுசா எடுங்கோ. போடுறதெண்டா முழுசாப் போடுங்கோ. உதென்ன அரைகுறையாய்" என்று சொல்லி, என் பேனையைக் கேட்டு வாங்கினார்.

மூக்குக்கண்ணாடி கூடப் போடவில்லை. குனிந்து எழுதத் தொடங்கினார்.

மாரி மழை பெய்து றோட்டெல்லாம் சேறானாலும்
மணிச்சத்தம் கேட்டால்தான் எனக்கு விடியுமடி

எங்கேயும் தயங்கவில்லை, ஒரு சொல்லையும் வெட்டவில்லை. வாகீசன் அண்ணை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வரி முடிந்ததும் அக்காவின் பேனை நின்றது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய இடது கையின் பெருவிரல் இரண்டுதரம் முன்னுக்குத் தட்டியது. பிறகு அடுத்த வரியை எழுதினார்.