சமையலறை அலமாரியில் வளர்ந்த படிகங்கள்

சோதனைக் குழாயைக் கையில் எடுக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் என் மாணவர்கள் கேட்பதில்லை. போனில் படமெடுக்கத் தூக்கிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான ஆரணி அக்காவை நினைத்துக்கொள்வேன். எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் வகையைப் படிகமாக வளர்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. குழாயின் அடியில் பாஸ்பேட் கலந்த கூழ், அதாவது ஜெல், உறைந்திருக்கும். மேலே ஊற்றிய கால்சியக் கரைசல் அதற்குள் மெல்ல இறங்கும். முதலில் வெள்ளை வளையங்கள் தோன்றும். அவற்றுக்குக் கீழே பல வாரம் கழித்துத் தெளிந்த தகடுகள் வளரும். அசைத்தாலோ அவசரப்படுத்தினாலோ மாவுதான் மிஞ்சும்.

ஒரு கோடையில் ஆய்வகக் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டார்கள். அக்கா குழாய்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். முன்னறையில் அப்பாவின் பட்டுத்தறி. அதன் அதிர்வு எட்டாத இடம் சமையலறை அலமாரிதான். பழைய போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் நிறுத்திவைத்தார். தெருவில் அவருக்கு 'எலும்பு வளக்கிற பொண்ணு' என்று பேர் வந்தது. மூட்டுவலிக்கு ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. சிரிப்பு ஒருபக்கம் இருக்க, அந்தப் படிகம் இல்லாமல் அவருக்கு ஆய்வேடு இல்லை. கெடுவும் அந்த ஆண்டோடு முடிந்தது.

தேவிகாபுரத்திலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது அலமாரியில் பித்தளைச் சொம்புகள் இருந்தன. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று முந்தின நாளே அக்காவின் அம்மா குழாய்களைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தார். கூழ் விரிசல்விட்டு, கரைசல் அதற்குள் இறங்கி, எல்லாம் பாலாய் வெளுத்திருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார். பிறகு நின்றபடியே சொன்னார்:

"மொதல்லேர்ந்து வளக்கணுங்க. நாலு மாசம் ஆவும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாங்க."

"எங்களுக்கு ஜல்தியா முடிக்கணும்மா," என்றார் மாப்பிள்ளையின் மாமா. அதன்பிறகு அங்கிருந்து தகவலே இல்லை.

நல்ல இடம் போய்விட்டதே என்று அம்மா சில நாள் புலம்பினார். ஆனால் புதுக் குழாய்கள் அலமாரிக்கு வந்ததும், யாரும் கேட்காமலே மிக்ஸியைத் தோட்டத்துப் பக்கம் மாற்றினார். அடுத்த முறை நான் போனபோது, வெம்பாக்கத்து மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு தரகர் வாசலில் நின்றிருந்தார். அம்மா அவரை உள்ளே விடவில்லை. தணிந்த குரலில் சொன்னார்:

"நல்ல எடம்னு தெரியுங்க. உள்ள கொழாய்ல வளந்துகினு இருக்குது. ஐப்பசி பொறக்கட்டும், அப்புறம் வாங்க. போறப்ப கதவ மெதுவா சாத்துங்க."