வியட்நாம் சம்பந்திக்கு அம்மா வைத்த விருந்து

எங்கள் அம்மாவை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று தயங்கியபடியேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை நினைத்தால், அம்மா இல்லாத இந்த ஓராண்டிலும் எனக்கு மனம் துள்ளுகிறது.

அம்மா பிறந்தது செட்டியார்பட்டியில். ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போகும்போதே அப்பா கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். அதன்பின் அம்மா தளவாய்புரத்திலிருந்து நைட்டித் துணி வாங்கி வந்து, வீட்டிலேயே தைத்துக் கொடுத்து எங்களை ஆளாக்கினார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார். எவ்வளவு வேலை கிடந்தாலும் ஞாயிறு ஆராதனைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

நூற்பு மெஷின் சர்வீஸ் வேலையாக வியட்நாம் போன தம்பி, அங்கே லான் என்ற பெண்ணை மணந்து ஊருக்குக் கூட்டி வந்தான். அம்மாவோடு பேசிப் பேசியே லான் தமிழ் கற்றுக்கொண்டாள். மாசமானபோதுதான் சிக்கல் வந்தது. எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். மகள் இளைத்துப்போனதை வீடியோ காலில் பார்த்த அவள் தாயார் உடனே புறப்பட்டுவிட்டார். திரும்பிப் போவதற்கு மகளுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தார். போனால் மறுபடி அனுப்புவார்களா என்பது தம்பிக்கே தெரியவில்லை.

அம்மா என்னைப் போனில் கூப்பிட்டார். "ஏட்டி, பிள்ளைய கூட்டிட்டுப் போக அவ அம்மா வாராவ. போறதுக்கு முன்ன நம்ம வீட்ல ஒரு நேரமாவது அவ வயிறாரச் சாப்பிடணும். நீ கிளம்பி வா."

என்ன சாப்பிட ஆசை என்று கேட்டதற்கு லான் வெகுநேரம் கூச்சப்பட்டுவிட்டுப் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நெருப்பில் சுட்ட பன்றிக்கறி, அடியில் அரிசி நூடுல்ஸ், புதினா, வெள்ளரி, வறுத்த நிலக்கடலை, மேலே ஊற்றிக்கொள்ள, உப்பில் ஊறிய மீனிலிருந்து வடித்த மீன் சாறு. கிறிஸ்துமஸுக்கு மிளகு போட்டுப் பன்றிக்கறி வறுக்கிற வீடுதான் எங்களுடையது. ஆனாலும் கறியில் சீனி போடுவார்கள் என்று கேட்டதும் அம்மாவுக்கு நம்ப முடியவில்லை.

முதல் தடவை சீனி கருகிக் கறி கசந்தது. நூடுல்ஸுக்குப் பதிலாக அவித்த இடியாப்பம் கட்டியாக ஒட்டிக்கொண்டது. அம்மா அசரவில்லை. லானை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்லச் செய்தார். அரிசி மாவோடு கொஞ்சம் மரவள்ளி மாவு கலந்து, கொதிக்கிற தண்ணீரிலேயே நேராகப் பிழிந்தார். நூல் நூலாக வெள்ளையாய் மிதந்து வந்ததைப் பார்த்து நாங்கள் மூவரும் கைதட்டிவிட்டோம். எலுமிச்சைப்புல்லைக் கூமாப்பட்டி சித்தப்பா கட்டாகக் கொண்டுவந்து போட்டார். மீன் சாறு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அம்மா நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்க வைத்து வடிகட்டி, எலுமிச்சையும் சீனியும் சேர்த்து ஏதோ ஒன்றை உண்டாக்கினார்.

சனிக்கிழமை சம்பந்தியம்மா வந்து இறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அம்மா கொல்லையில் கரி அடுப்பின் முன் உட்கார்ந்து, கம்பி வலையில் கறித்துண்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் விசிறினேன். எலுமிச்சைப்புல்லும் கொழுப்பும் சேர்ந்து மணந்ததில் பக்கத்து வீட்டார் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள்.

லான் முதல் தட்டைக் காலி செய்தாள். பிறகு தட்டை நீட்டி இன்னும் கேட்டாள். சம்பந்தியம்மா தன் தட்டைத் தொடாமல் மகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் ஒரு வாய் எடுத்துவைத்து, ஏதோ சொன்னார். லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கறி நல்லாருக்காம், அத்தை. மீன் சாறுதான் வாயில வைக்க முடியலயாம்."

அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சம்பந்தியம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, துணிக்குள் சுற்றி வைத்திருந்த மீன் சாற்றுப் பாட்டிலை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அதன்பின் அவர் இருந்த நாளெல்லாம் இருவரும் அடுப்படியில்தான் இருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் பேச்சு ஓயாது. ஊருக்கு அவர் மட்டுமே திரும்பினார். பேத்தி ராஜபாளையத்திலேயே பிறந்தாள்.

அந்தப் பேத்தி நடை பழகுவதைப் பார்த்துவிட்டுத்தான், சிறிது காலம் நோயில் கிடந்து, அம்மா கர்த்தரிடம் சென்றார். படுக்கையருகே இருந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், ஆஸ்பத்திரிக்கு அலைந்த சித்தப்பாவுக்கும், எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாமல் சோறு கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சம்பந்தியம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவரால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. லான் கையில் பிடித்திருந்த போனில், கல்லறையில் கடைசி ஜெபம் முடியும்வரை அவர் தன் வீட்டில் நின்றுகொண்டே இருந்தார். நெற்றியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். அது என்னவென்று லானிடம் கேட்டேன். "சொந்த வீட்டு ஆளு செத்தாதான் எங்க ஊர்ல அதைக் கட்டுவாங்க, அண்ணி" என்றாள்.