புளியங்கொட்டைச் சூடு

மார்கழி வந்தால் வங்காளத்துத் துறைமுகப் பேட்டையான கிடர்பூரில் முதலில் காணாமல் போவது தெருமுனை. அடுத்து எதிர்வீட்டு மாடி. அதற்கும் அடுத்து, ஜன்னலுக்குக் கீழே போகும் கைவண்டி. வண்டி இழுப்பவரின் இருமல் மட்டும் பனிக்குள் தனியாக நடந்து போகும். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதினால், தான் படுத்திருப்பது கட்டிலிலா படகிலா என்று வசுந்தராவுக்கு ஒரு கணம் மயக்கம் வந்துவிடும்.

மயக்கத்துக்கு அவளே செய்துவைத்த காரணமும் உண்டு. கொசுவலையின் மேல் பழைய சுங்குடிப் புடவைகள் இரண்டை விரித்துப் போட்டிருந்தாள். இரண்டு பேர் விடும் மூச்சு வெளியே ஓடாமல் உள்ளேயே தங்கும். விடியும்போது அரக்குச் சிவப்பில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக இறங்கி, தூங்குகிற கணவரின் நெற்றியிலும் கன்னத்திலும் ஊரும். மெத்தைக்கு அடியில் செய்தித்தாள் அடுக்கு. மர ஜன்னலின் பலகை இடுக்குகளில் கந்தல் துணி. ஐம்பத்தெட்டு வயது வசுந்தரா காசு அதிகம் செலவழிக்காமல் குளிரை வெளியே நிறுத்த இப்படி எத்தனையோ வழி வைத்திருந்தாள்.

சென்னையில் இருக்கும் மகள் சஹானா ஒரு ஹீட்டர் வாங்கி அனுப்பினாள். போட்ட முதல் நாளே அந்தப் பழைய கட்டடம் முழுவதும் இருண்டுபோனது. மேல்மாடி ஷிப்ரா படியில் நின்று கத்தினாள்.

"பௌதி! உங்க வீட்டுக்கு வெயில் வரணும்னா எங்க வீடெல்லாம் இருட்டாகணுமா?"

அண்ணியை வங்காளிகள் பௌதி என்பார்கள். திட்டும்போதும் அந்த உறவை விட்டுவிட மாட்டார்கள். ஹீட்டர் அட்டைப் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் வசுந்தரா புளியங்கொட்டை மூட்டையை அவிழ்த்தாள்.

காலையில் பஸ் பிடித்து லேக் மார்க்கெட்டுக்குப் போவாள். அங்கே வீரராகவனின் மளிகைக் கடைப் பின்கட்டில் பொடி இடிப்பதும் புளிக்காய்ச்சல் கிண்டுவதும் அவள் வேலை. கொட்டைப்புளியை உதிர்த்துச் சுத்தம் செய்யும்போது விழுகிற கொட்டைகளை யாரும் சீண்டுவதில்லை. இவள் மட்டும் ஒரு பையில் அள்ளிக்கொள்வாள்.

"மாமி, தினமும் கொட்டையா எடுத்துண்டு போறேளே, கிடர்பூர்ல புளியந்தோப்பு போடப் போறேளா?" என்பார் வீரராகவன்.

"தோப்பு போட்டா உங்களுக்குத்தான் முதல் பேய் அனுப்புவேன்," என்பாள் இவள்.

இரும்பு வாணலியில் கொட்டையை மெல்லிய தீயில் வறுப்பாள். மாநிறம் கறுத்துப் பளபளக்கும். மண்வாசனையும் புகைவாசனையும் கலந்து அறை நிறையும். பழைய காலுறையில் நிரப்பி வாயைக் கட்டி, தன் கன்னத்தில் வைத்து நூறு எண்ணுவாள். கன்னம் தாங்கினால்தான் அது கணவரின் பாதத்துக்குப் போகும். ஒரு முடிச்சு ஒன்றரை மணி நேரம் சூட்டை விடாது. ஷிப்ராவின் மூட்டுவலிக்கும் ஒன்று மேலே போக ஆரம்பித்தது. அதன்பிறகு அவள் கத்துவதில்லை.

கணவர் வெங்கடநாராயணன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். போன சித்திரையில் ஒருநாள், காபி டம்ளரைப் பிடித்திருந்த கை தானாகத் திறந்துகொண்டது. பக்கவாதம். வாய் மீண்டது, நடையும் கொஞ்சம் மீண்டது. இடது கை மீளவில்லை. இடது பாதமோ அவரை விட்டு எங்கோ போய்விட்டது. தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது.

ஆனாலும் காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கீழே லாரி டிரைவர்கள் வந்து நிற்பார்கள். "நாராயண்தா!" என்று குரல் வரும்; தா என்றால் அங்கே அண்ணன். அவர் வலது கையால் கயிற்றில் கட்டிய பையை இறக்குவார். சரக்குச் சலான் மேலே வரும். எந்தக் கட்டத்தில் தப்பு, எந்த முத்திரை விட்டுப்போயிற்று என்று பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி இறக்குவார். பதிலுக்குப் பையில் சில நாள் இரண்டு கொய்யா வரும், சில நாள் வெறும் நன்றி வரும்.

சஹானாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. புரியாதது அவள் குற்றமும் இல்லை. அப்பாவுக்காகப் பயந்தாள். கார்த்திகைத் தொடக்கத்தில் போனில் சொன்னாள்.

"அந்த வீடு ஐஸ் பெட்டிப்பா. இங்க வந்துடுங்கோ. தை பிறக்கறதுக்குள்ள கால்ல உணர்ச்சி வந்துட்டா நான் வாயே திறக்கமாட்டேன். வரலேன்னா டிக்கெட் போட்டுடுவேன். வீட்டைக் காலி பண்ணிட்டு வரணும். சரியா?"

"சரி, பந்தயம்," என்றார் அவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த அறையில் ஒரே கேள்வி. முடிச்சைப் பாதத்தில் வைத்துவிட்டு வசுந்தரா நிமிர்ந்து பார்ப்பாள்.

"ஏன்னா, சூடு தெரியறதா?"

அவர் கண்ணை மூடி, ரொம்ப தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல இருப்பார். "இல்லைடி."

கார்த்திகை முழுவதும் இல்லைதான். மார்கழி பிறந்து நாலாம் நாள், அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"லேசா... ஏதோ தெரியறது."

வசுந்தரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தொலைந்துபோய் வீடு திரும்பிய குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினாள். மறுநாள் புது வெல்லத்தில் அக்காரவடிசல் செய்து மேல்மாடிவரை கொடுத்தாள். போனில் சஹானா கத்திய சந்தோஷத்தில் கீழே நின்ற டிரைவர்கூட அண்ணாந்து பார்த்தான். டிக்கெட் போடவில்லை.

அடுத்து வந்த நாட்கள் கனவு போலவே போயின. வசுந்தரா பஸ்ஸில் தூங்கிவழிந்தாள், பொடி இடிக்கும்போது முணுமுணுவென்று பாடினாள். மாலைகளில் "இன்னும் கொஞ்சம் சூடு வேணும்டி" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். சூடு தெரிகிற மனிதர், அதிகமானால் சொல்லிவிடுவார்தானே? கன்னத்தில் வைத்து நூறு எண்ணுவது ஐம்பதானது, இருபதானது. பிறகு அவள் எண்ணுவதையே மறந்துவிட்டாள்.

மார்கழி இருபதாம் நாள் மாலை, வாணலியில் கொட்டை இரண்டு படபடவென்று வெடித்தன. அவசரமாக இறக்கி இரண்டு முடிச்சுக் கட்டினாள். ஒன்றை அவர் பாதத்தடியில் வைத்துக் கம்பளியைப் போர்த்தினாள். மற்றதை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஷிப்ராவிடம் போனாள்.

"அம்மாடி! இது முடிச்சா, அடுப்பா?" என்று ஷிப்ரா கையை உதறினாள். "ஆறட்டும், வச்சுட்டுப் போங்க."

வசுந்தரா முடிச்சை அங்கேயே போட்டாள். படிகளில் ஓடி இறங்கினாள். அறைக்குள் அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, ரேடியோவில் ஏதோ வங்காளப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் புன்னகை.

"இதமா இருக்குடி," என்றார்.

கம்பளியை விலக்கினாள். முடிச்சைத் தள்ளினாள். பாதத்தின் நடுவில் தோல் வெளுத்து எழும்பி, உள்ளே நீர் கோத்து நின்றது. அந்தக் கொப்புளத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புன்னகை இன்னும் அங்கேயே இருந்தது. அந்தப் புன்னகைதான் அவளைக் கொன்றது.

"ஏன்னா... தெரியறதுன்னு சொன்னேளே!"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவள் வாளியை இழுத்து வைத்து, குழாய்த் தண்ணீரைச் சொம்பு சொம்பாக அந்தப் பாதத்தில் ஊற்றினாள். சத்தம் கேட்டு வந்த ஷிப்ரா தெருமுனை டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் கட்டுப்போட்டார். நல்லவேளையாக ஆழமான காயம் இல்லை. ஆனால் உணர்ச்சியில்லாத கால் என்பது கண்ணில்லாத கால், அதில் இனி எந்தச் சூடும் வைக்கக்கூடாது, கம்பளிக் காலுறை போதும் என்று கண்டித்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபின் அறையில் புளியங்கொட்டை வாசனை மட்டும் மிஞ்சியது.

"எத்தனை நாளா பொய்?" என்றாள் வசுந்தரா.

"முதல் நாள்லேர்ந்து."

"நான் கையால இல்லையா வச்சேன்? என் கையாலேயே உங்களைச் சுட வச்சுட்டேளே!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எதுக்கு? எனக்காகவா?"

அவர் கால் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்காகன்னு சொல்ல ஆசையா இருக்கு. சொன்னா அதுவும் பொய். எனக்காகத்தான். சஹானா வீடு ஏழாவது மாடி. தங்கமான பொண்ணு, தங்கமா பாத்துப்பா. ஆனா கீழேர்ந்து யாருடி என்னைக் கூப்பிடுவா? இங்க எனக்குப் பாதி உடம்பு இல்லைன்னு அந்த டிரைவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவாளுக்குத் தெரியறது இந்த ஒரு கையும் பென்சிலும்தான். அங்க போனா நான் முழு நோயாளி."

வசுந்தரா விளக்கை அணைத்தாள். புடவைக் கூடாரத்துக்குள் அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

காலையில் பனி இன்னும் ஜன்னலில் அப்பியிருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே சஹானாவை வீடியோவில் கூப்பிட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சஹானாவின் முகம் சிவந்து, கலங்கி, உடைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்! இன்னிக்கே டிக்கெட் போடறேன். பந்தயம் பந்தயம்தான்மா."

"ஆமாம். உங்கப்பா தோத்துட்டார்," என்றாள் வசுந்தரா. "ஆனா நான் பந்தயம் கட்டலையே?"

"என்னம்மா சொல்றே?"

"நான் வரலைன்னு சொல்றேன். பத்தொன்பது வருஷமா அந்தப் பின்கட்டுல என் கைப் பொடிக்குன்னு பாலிகஞ்சுலேர்ந்து வரா. வந்த முதல் மார்கழில, ஸ்வெட்டரைப் புடவைக்கு உள்ளே போடறதா மேலே போடறதான்னு தெரியாம உக்காந்து அழுதவ நான். இந்த ஊரைக் கஷ்டப்பட்டுக் கத்துண்டிருக்கேன். என்னை யாராவது ஒருத்தர் கேட்டேளா?" போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். "உங்கப்பாக்கு ஆசைன்னா சொல்லு, ஏத்தி அனுப்பறேன்."

"நானா? தனியாவா?" என்று நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டார்.

சென்னையில் குக்கர் விசில் அடித்தது. சஹானா அதை அணைக்கப் போகவில்லை. "அந்தக் காலைக் காட்டு," என்றாள்.

வசுந்தரா போனைத் திருப்பினாள்.

"தினமும் சாயங்காலம் எனக்கு இப்படிக் காட்டணும். ஒருநாள் தவறினாலும் நான் ரயில் ஏறிடுவேன். அப்பா பேச்சை இனிமே நம்பமாட்டேன்."

"நம்பாதே. நானும் நம்பப் போறதில்லை," என்றாள் வசுந்தரா.

போன் அணைந்தது. அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வசுந்தரா கீழே மண்டியிட்டாள். கட்டுப்போட்ட பாதத்தில் கம்பளிக் காலுறையை மெதுவாக ஏற்றினாள். பிறகு வலது பாதத்தைப் பிடித்தாள்.

"ஐயோ!" என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். "கை சில்லுனு இருக்குடி!"

"இது நிஜமா, பொய்யா?"

"நிஜம்டி. பனிக்கட்டி மாதிரி இருக்கு. எப்பவும் இப்படியா இருக்கும் உன் கை?"

அவர் தன் ஒற்றைக் கையால் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றி இழுத்து, சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கீழே பனிக்குள் யாரோ "நாராயண்தா!" என்றார்கள்.

"கொஞ்சம் இரு பாய்," என்று அவர் ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். "கை வேலையா இருக்கு."