திருமதி டுவேன் கிம்பல்

வெர்னா கிம்பலுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் இனிமையாகும். தெரிந்தவர்கள் அப்போதே ஒதுங்கிவிடுவார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் அவளோடு வேலை பார்த்த வரலாற்று ஆசிரியர் வென்டெல் ஸ்ட்ராபுக்கு மட்டும் அது கடைசிவரை தெரியாமல் போனது.

ஊர் வரலாற்றை எழுதப்போவதாகக் கிளம்பியவர் அவர். பண்ணை பண்ணையாகக் கார் ஓட்டிப் போய், வயதான பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, எல்லாவற்றையும் திரட்டி வந்தவள் வெர்னா. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய குடிசையில் அந்தக் காலத்தில் ஊரின் முதல் பள்ளியை நடத்திய ஐடா சோர்லியின் கதையைக் கண்டெடுத்ததும் அவள்தான். புத்தகம் வந்தது. பள்ளியைத் தொடங்கியவர் ஆன்டன் சோர்லியாம். மனைவி உடனிருந்து உதவினாராம். அந்த ஆன்டனுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. முன்னுரையின் கடைசி வரியில், தட்டச்சு செய்து உதவிய திருமதி டுவேன் கிம்பலுக்கு நன்றி என்றிருந்தது.

டுவேன் அவள் கணவன். தானியக் கிடங்கில் வேலை. பேர் அச்சில் வந்துவிட்டது என்று ஊரார் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வெர்னா என்ற பேர் புத்தகத்தில் எங்குமே இல்லை. அவள் நேரே ஸ்ட்ராபிடம் போய்க் கேட்டாள்.

"முன்னுரைப் பக்கத்துல இடம் பத்தலை வெர்னா. கல்யாணமான பொம்பளைய எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க? இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?" என்றார் ஸ்ட்ராப்.

"சரிங்க, மிஸ்டர் ஸ்ட்ராப்," என்றாள் வெர்னா, தேனாக.

அதே புத்தகத்தை வருடா வருடம் நான்காம் வகுப்புக்கு நடத்தினாள். மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை, எதற்காக மன்னிக்க வேண்டும்?

ஸ்ட்ராப் ஓய்வுபெறும் ஆண்டில், ஊர் பிறந்த நாள் விழாவிலேயே அவருக்குப் பாராட்டு என்று முடிவானது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முன்னோர் வேடமிட்டு மேடையேறுவது அங்கே வழக்கம். வசனம் எழுதுவது வெர்னா. பேர் பொறித்துக் கொடுக்கும் பாராட்டுப் பலகைக்குச் சொல்லிவைக்கும் பொறுப்பையும் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தொப்பி கட்டிய சிறுமி முன்னால் வந்தாள். "நான் ஐடா சோர்லி. இந்த ஊர்ல முதல் பள்ளிக்கூடம் நடத்தினது நான்தான்."

ஒட்டுத்தாடிப் பையன் பின்னாலேயே வந்தான். "நான் திரு. ஐடா சோர்லி. அடுப்பெரிக்கக் காஞ்ச சாணி பொறுக்கிக் குடுத்தேன்."

இப்படியே ஊர்ப் பெரியவர்களின் பாட்டன்மார் ஒவ்வொருவராகப் பேரிழந்து வந்து நின்றார்கள். முன்வரிசையில் ஆண்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். கடைசியில் வெர்னா ஒலிபெருக்கியைப் பிடித்து, திரு. லொரீன் ஸ்ட்ராபை மேடைக்கு அழைத்தாள்.

லொரீன் அவர் மனைவி. ஸ்ட்ராப் முகம் சிவக்க ஏறிவந்து பலகையை வாங்கிப் பார்த்தார். அதிலும் அப்படியேதான் பொறித்திருந்தது.

"என் பேரு எங்க?" என்று அவர் சீறியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

"பலகையில இடம் பத்தலை, வென்டெல்," என்றாள் வெர்னா.

முதலில் சிரித்தவள் லொரீன். அந்தப் பலகையை வீட்டில் வாசலுக்கு நேரெதிரே, வருகிறவர் கண்ணில் படும்படி ஆணியடித்து மாட்டியவளும் அவளேதான்.