அம்மா மிதித்த மனை

நேற்றுக் காலை ஒரு பெண் போனில் அழைத்தாள். ரொம்பக் கனிவான குரல். "மேடம், திருநின்றவூர்ல உங்க எடத்துல ஃப்ளாட் கட்ட ஒரு பார்ட்டி கேக்குறாங்க. வருசா வருசம் தண்ணி நிக்கிற ஏரியா, இப்ப குடுத்தாதான் உண்டு. யோசிச்சு வைங்க, நாளைக்குக் கூப்பிடுறேன்." வாசலில் அப்போதுதான் மழைத்தண்ணீர் வடிந்து, சேறும் கோரைப்புல்லும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இந்தத் தண்ணீரைப் பற்றி என்னிடமே சொல்கிறாளே!

அந்த வாடையோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது பிளஸ் ஒன் படித்த வருடம். அப்போது நாங்கள் ஆவடியில், நைனா வேலை பார்த்த ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். குழாயைத் திறந்தால் தண்ணீர். சாயங்காலமானால் பூப்பந்து. மாடிப்படி முழுக்கத் தோழிகள். ஒரே ஒரு குறைதான். நைனா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதற்கு இரண்டு வருடம்கூட இல்லை.

இங்கே அம்மாவின் அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் புதுவருட ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தில் வசன அட்டைகளைக் கவிழ்த்துவைத்துக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம். எனக்கு எப்போதும் பொறுமையைப் பற்றித்தான் வரும். ஆண்டவருக்கு என்னைத் தெரியும். அந்த வருடம் அம்மாவுக்குக் கானான் தேசம் வந்தது. உங்கள் கால் மிதிக்கிற இடத்தையெல்லாம் உங்களுக்குத் தருவேன் என்று இஸ்ரவேல் ஜனங்களுக்குச் சொன்னாரே, அந்த வசனம்.

மற்றவர்கள் அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிடுவார்கள். அம்மா செருப்பைக் கழற்றினாள். நைனா திருநின்றவூரில் ஒரு மனை வாங்கிப்போட்டிருந்தார். பட்டா இருந்தது, மனைதான் கண்ணில் படாது. பாதி வருடம் தண்ணீர், மீதி வருடம் கோரை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மின்சார ரயில் ஏறுவாள். மனைக்குப் போய், வெறுங்காலோடு நான்கு எல்லைக்கல்லையும் சுற்றி நடப்பாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, அவள் யாரோ நான் யாரோ என்று தள்ளி நிற்பேன்.

போதகர் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அதுக்கு ஆவிக்குரிய அர்த்தம்மா."

"ஆவிக்குக் கால் ஏது ஐயா? எனக்கு ரெண்டு கீது" என்றாள் அம்மா. அவர் அதோடு விட்டுவிட்டார்.

நைனாவின் நினைப்பு வேறு. ரிட்டயர் ஆனதும் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்கே போய்விடலாம் என்பார். சாப்பிட உட்கார்ந்தால் ஊர்க் கத்தரிக்காயில் ஆரம்பிப்பார். அந்த இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவைத் தின்றுகொண்டே, விட்டு வந்த எகிப்தின் வெள்ளரிக்காய்க்கும் வெங்காயத்துக்கும் அழுதார்களே, அதே பாட்டு. அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

"ஊர்ல உனுக்கு இன்னாய்யா இருந்துச்சு? கத்திரிக்கா அடுத்தவன் கொல்லையில காய்ச்சுது. குனிஞ்சு குனிஞ்சு அத பறிச்ச முதுகுதான் உன்னுது. மறுபடி போயி எவன் வரப்புல நிக்கப் போற?"

நைனா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். எங்கள் வம்சத்தில் தன் பெயரைப் பத்திரத்தில் பார்த்த முதல் ஆள் அவர்தான். அப்படிப்பட்டவரே ஊர் ஊர் என்றால் அம்மாவுக்குப் பொறுக்குமா?

இனி என் பாவக்கதை. கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர், அங்கே இராட்சதர்கள் இருக்கிறார்கள் என்று வந்து பயமுறுத்தினார்களாம். நான் அந்தப் பத்துப் பேர் கட்சி. ஒரு ஞாயிறு கோரைக்குள் தண்ணீர்ப் பாம்பு ஒன்று நெளிந்து போவதைப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தடிமன் இருந்தால் அதிகம். ரயில் ஆவடிக்கு வருவதற்குள் அது வளர்ந்துவிட்டது. "நைனா, நல்ல பாம்பு! படம் எடுத்துக்கினு நிக்குது!" தோழிகளையும் பூப்பந்தையும் விட்டு வர எனக்கு மனமில்லை. பாம்பு கைகொடுக்கும் என்று நினைத்தேன்.

கொடுத்தது. நைனா புரோக்கரைப் பிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறே மனையை வாங்க ஒருவர் வந்தார். நைனா ஓவர்டைம் முடித்து தொழிற்சாலை பூட்ஸோடு நேராக வந்திருந்தார். முந்தின நாள் பெய்த மழையில் மனையில் முழங்கால் தண்ணீர். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, நட்டநடுவில் போய் நின்றாள்.

"பாம்பு கீதாமேம்மா, ஏறி வந்துடு!" என்று புரோக்கர் கத்தினார்.

"இருந்துட்டுப் போவுது. செங்கடலையே பொளந்து வழி வுட்டவரு என் ஆண்டவரு, இந்த மொழங்கா தண்ணிக்கா ஏறுவேன்? வாங்குறதுன்னா என்னியும் சேத்து வாங்கிக்க."

"மானத்த வாங்காத, ஏறு" என்றார் நைனா. அம்மா அசையவில்லை. கண் மட்டும் தண்ணீரில் அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அந்தப் பாம்பை நிஜமென்று நம்பியேதான் இறங்கியிருக்கிறாள். நான் வளர்த்த பாம்பை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொய் சொல்ட்டேன் நைனா! அது தண்ணிப் பாம்பு, சின்னது!" என்று கத்திக்கொண்டே நானும் இறங்கிவிட்டேன்.

நைனா அடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லின்மேல் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலுறைகளைச் சுருட்டி பூட்ஸுக்குள் வைத்தார். இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "சில்லுனு கீது."

புரோக்கரும் அந்த ஆளும் கிளம்பிப் போனார்கள்.

நைனா ரிட்டயர் ஆவதற்குள் மண் கொட்டி உயர்த்தி ஒற்றை அறை எழும்பியது. வாசற்படியில் பூசிய சிமெண்ட் காய்வதற்குள் அம்மா வலது காலை அழுத்தி வைத்தாள். கொத்தனார் போட்ட கூச்சல் அவள் காதில் விழவே இல்லை.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கை இடித்துவிட்டார்கள். பூப்பந்து ஆடிய இடத்தில் முள்செடி. வாக்குத்தத்தம் இப்போது ரோஜாப்பூப் படத்தோடு போனுக்கே வந்துவிடுகிறது. தாம்பாளம் இல்லை, கவிழ்த்துவைத்த அட்டை இல்லை. நைனா போனார், பின்னாலேயே அம்மாவும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தரையை உயர்த்தியதில் அந்தக் காலடி கல்லுக்கும் டைல்ஸுக்கும் அடியில் போய்விட்டது. ஆனால் எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை அந்தப் பெண் சொன்னபடியே அழைத்தாள்.

"தர்றதா இல்லம்மா" என்றேன்.

"அடுத்த மழைக்கும் தண்ணி வருமே மேடம்?"

"வரட்டும். எங்கம்மா தண்ணிக்குள்ள நின்னு காப்பாத்துன எடம் இது."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டேன். இந்த வயதில் சளி பிடிக்கும் என்று தெரிந்தும், ஈரத்தில் வீட்டை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். நான் கண்ணால் தேடிக்கொண்டேதான் நடந்தேன். ஒரு தண்ணீர்ப் பாம்புகூட இல்லை.