அண்ணை வீட்டில் ஒரு பிரதி

எங்கள் ஆட்களிடம் கலியாணம் இரண்டு முறை நடக்கும். முதலில் எழுத்து: பதிவாளர், கையெழுத்து, சாட்சிகள். பிறகுதான் தாலி. எழுத்து முடிந்தவளைப் பற்றியும் "இன்னும் கட்டேல்லை" என்றே பேசுவார்கள். எழுத்து விசாவுக்கு, தாலி ஊருக்கு.

ஆகவே இல்ஃபோர்டில் என்னோடு வாழ்பவளும் நானும் எழுத்து எழுதப்போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னதும், ஸ்ட்ரெதமில் கடை வைத்திருக்கும் என் அண்ணை அதைத்தான் கேட்டார்.

"விசாப் பிரச்சினையோ?"

"ரெண்டு பேரிட்டையும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடக்கு, அண்ணை."

"பின்னை ஏன் எழுத்து?"

"பிள்ளைக்கு."

மறுமுனையில் கல்லாப்பெட்டி திறந்து மூடியது. "எப்ப எண்டு சொல்லு. சாட்சிக்கு நான் வாறன்."

அவள் வந்த நாளிலிருந்து எங்கள் வாசலை மிதியாதவர். ஏன் வருகிறார்? பார்க்கவா, தடுக்கவா, ஊருக்குப் போய்ச் சொல்லவா?

சந்தேகம் எனக்கு எலும்புக்குள் இருக்கிறது. குரோய்டனில், அகதி விண்ணப்பம் வாங்கும் அந்தப் பெரிய கட்டடத்தின் வரிசையில் நின்று, நான் நான்தான் என்று வாதாடியவள். சட்டம் எனக்கு வாடகை வீடு. வெளிச்சம் உண்டு, சூடு உண்டு. ஆனால் இன்னொரு சாவி வேறொருவர் பையில்.

அவளுக்கு அப்படியில்லை. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கணக்காளர். பிறந்த நாட்டில் எங்கள் வாழ்க்கை குற்றம். அதனாலேயே இந்த நாட்டின் சட்டத்தை இறுகப் பிடித்திருக்கிறாள். கருவைச் சுமக்கப்போவது அவள். அதைக் கிளினிக்கில் வைக்கும் முன் மணமுடித்துவிட்டால் நானும் சட்டப்படி பெற்றவள். மணமில்லாமலும் வழியுண்டு, தனித் தாள்களில்.

"ஒரு தாள் தப்பாப் போனா கோர்ட்டு, கேசு. கல்யாணந்தான் கெட்டி," என்றாள்.

"அந்தச் சட்டத்தையே மாத்தினா?"

"மாத்தறப்போ பார்ப்போம் லா. இப்போ நீ கையெழுத்துப் போடு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நாட்டு நாடாளுமன்றத்தில் ஆம் என்பவர்கள் ஒரு வழியாலும் இல்லை என்பவர்கள் மறுவழியாலும் நடந்து போவார்கள், தலைகளை எண்ணுவார்கள். என் மணமும் அவள் சுமக்கப்போகும் பிள்ளை மேல் என் உரிமையும் அப்படி நடந்த கால்களால் கிடைத்தவை. இரண்டு வழிகளும் இன்னும் திறந்துதான் கிடக்கின்றன. வேறு நாடுகளில் அதே கால்கள் திரும்பி நடப்பதைச் செய்தியில் பார்க்கிறேன்.

எழுத்தன்று அண்ணை கறுப்புக் கோட்டோடு வந்தார். அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பின் வரிசையில் அமர்ந்தார். நான் அவளைப் பார்க்கவேண்டிய நேரமெல்லாம் அவரையே பார்த்தேன்.

இந்த மணத்துக்குச் சட்டத் தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்று பதிவாளர் கேட்டார். அண்ணை இருமினார். எல்லோரும் திரும்பினோம்.

"தடிமன்," என்றார் என்னிடம். "நீ அங்காலை பார்."

கையெழுத்திடும் முன் தாளை முழுக்க வாசித்தார். பிறகு, முன்பு ஜெர்மனியில் அகதியாக இருந்தவர், தனது ஜெர்மன் கலந்த ஆங்கிலத்தில் பதிவாளரைக் கேட்டார்: இதை அரசாங்கம் பிறகு இல்லையென்று சொல்ல முடியுமா? பதிவாளர்ப் பெண் சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாற்றுவதானால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்றாள்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "அப்ப ஏலும்."

அழுத்திக் கையெழுத்திட்டார். "சேர்ட்டிபிகேற் ரெண்டு எடு. ஒண்டு என்னட்டை இருக்கட்டும்."

ஓடி வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான் அது. ஒரு வீடு எரிந்தால் பத்திரம் மற்ற வீட்டில் இருக்க வேண்டும். தெரிந்தும் எனக்குள் அதே கேள்வி: எதற்காம் இவருக்கு?

இருந்தாலும் கொண்டுபோனேன். கடைக்கு மேலே அவர்கள் வீடு. கட்டிலுக்கடியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்தார். அண்ணி கதவடியில் நின்றார்.

"ஆரின்ரை பேப்பர்?"

"இவளின்ரை எழுத்து."

"ஓ. எழுத்து மட்டுந்தானே?" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமல்.

அண்ணை பெட்டியைத் திறந்தார். தன் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை ஒரு பக்கம் தள்ளி, எங்களுடையதை வைத்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். "பிள்ளையின்ரை வந்தா அதையும் கொண்டுவா. உன்ரை பேர் இருக்கோ எண்டு பாத்துக் கொண்டுவா."

பூட்டினார். சாவி எந்தப் பைக்குள் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.